பிரிசில்லா ஒளித்துவைத்த மூன்று அத்தியாயங்கள்

காலியாக இடம் இருந்தாலும் பிரிசில்லா பஸ்ஸில் உட்கார மாட்டாள். கடலூர் முதுநகரில் காலை ஏழரைக்கு நாங்கள் ஏறுகிற சிதம்பரம் பஸ், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பாதி காலியாகிவிடும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து திருவந்திபுரம் தேவநாதசாமி பேரைச் சொல்லிக்கொண்டு வருவேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யார் இறங்குகிறார்கள், அந்த இடத்தில் யார் போய் உட்காருகிறார்கள் என்று அவள் கண் ஓடிக்கொண்டே இருக்கும்.

"வந்து உக்காரும்மா, கால் வலிக்கலியா?" என்பேன்.

"உக்காந்தா தெரியாதுக்கா" என்பாள்.

ரயில் பாதையை அகலமாக்குவதற்காகப் பிரித்துப் போட்டிருந்த வருடங்கள் அவை. பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அவ்வளவு நேரமும் நிற்பாள்.

அவள் அம்மா ஆரோக்கியம்மாள் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "இது வயித்துலயே இருப்புக் கொள்ளாத பொண்ணு அமிர்தம். எட்டாம் மாசமே வந்து பொறந்துட்டா." அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிரிசில்லா பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் பன்னிரண்டாவது முடித்து, தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பும் படித்தாள். நான் பழகும்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பஸ்ஸில் யாராவது அதைப் பற்றி விசாரித்தால், "மாப்பிள்ளை பாத்தாச்சு, அவுரு உக்காந்தே இருக்கிற ஆளு, ஒத்துவராது" என்று சிரிப்பாள்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். சுனாமிக்கு முன்னால் மீன்கூடை தூக்கினேன். அதற்கப்புறம் கடல் பக்கம் போய் ஏலத்தில் நிற்க மனசு வரவில்லை. இரண்டாயிரத்து ஆறில் பிரிசில்லாதான் என்னைக் கலியமூர்த்தி சார் கடைக்குக் கூட்டிப்போனாள். சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் டி.டி.பி. கடை. ஐந்து கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் தங்கள் ஆய்வேட்டை அங்கேதான் அடித்துக்கொள்வார்கள். பிரிசில்லா அடிப்பாள். நான் கூட்டிப் பெருக்குவேன், ஜெராக்ஸ் எடுப்பேன், பைண்டிங்குக்குத் தாள் அடுக்குவேன்.

அடிக்கிற வேலை அவளுக்குப் போதவில்லை. அடித்தது எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பழைய ஃப்ளாப்பியைச் செருகுவாள். அதில் சின்னச் சின்ன ஃபைலாகப் போட்டு நிறைப்பாள். ஒரு ஃபைல் முழுக்க 'க' மட்டும். அடுத்தது முழுக்க 'ச'. அதற்கடுத்தது 'ட'. இனி இடமே இல்லை என்றானதும் ஒன்றுவிட்டு ஒன்றை அழிப்பாள். பிறகு முழுக்க 'ம' போட்ட பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றுவாள். சர்வீஸுக்கு வருகிற சுப்புராயன் கடையில் விட்டுப்போன சிடியில் ஒரு புரோகிராம் இருந்தது. அது டிஸ்க்கைக் கட்டம் கட்டமாகத் திறந்து காட்டும். அதை ஓட்டி, 'ம' எந்தெந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து எண்ணை நோட்டில் எழுதுவாள். சோறு காய்ந்துபோகும்.

"ஏம்மா பிரிசில்லா, கம்ப்யூட்டருக்குள்ள இன்னா தேடற? கொசுவா?" என்பார் கலியமூர்த்தி சார்.

"சார், ஒரே ஃபைலு, ஆனா ஒரே எடத்துல இல்ல சார். பத்துத் துண்டா பத்து எடத்துல கெடக்குது."

"கெடந்தா கெடக்கட்டும். தொறந்தா ஒண்ணா வருதில்ல? சாப்புடு."

எனக்கு அவள் பஸ்ஸை வைத்துத்தான் சொன்னாள். "முதுநகர்ல ஏழு பேரு குடும்பமா ஏறுறாங்க. சேந்தாப்பல ஏழு சீட்டு கெடைக்குமா? எங்க காலியோ அங்க அங்க உக்காருவாங்க. கண்டக்டர் நோட்டுல யாரு எந்த சீட்டுன்னு ஒரு வரிசை இருக்குதுன்னு வச்சுக்குங்க. அதை வச்சுத்தான் அவுங்க ஒரே குடும்பம்னு தெரியும்." இன்னொன்றும் கண்டுபிடித்தாள். புதிதாக வருகிற துண்டு, முதலில் கண்ணில் படுகிற காலி இடத்தில் உட்காருவதில்லை. கடைசியாக வைத்த இடத்துக்கு அப்புறம் எது காலி என்று பார்த்துப் போகிறது. கடைசி வரை போய் முட்டினால்தான் திரும்ப முன்னாலிருந்து வருகிறது. அதைக் கண்டுபிடித்த அன்று பகலில் நாலு தடவை கடைக்கு வெளியே போய்ப் போய் வந்தாள். சொல்ல ஆள் இல்லாமல் என்னிடம் சொன்னாள்.

எனக்கு சுனாமி குடியிருப்பு நினைவுக்கு வந்தது. குலுக்கலில் எனக்குப் பதினெட்டாம் நம்பர் வீடு, என் நாத்தனாருக்கு நூற்று நாலு. எங்கள் குடும்பமும் ஒரே குடும்பம்தான். 

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து எட்டு, புரட்டாசி மாதம். புதன்கிழமை பூஜை.

பூஜைக்கு முன்னால் கடையைக் கழுவுவோம். கத்தி, ஸ்டாப்ளர், பைண்டிங் ஊசி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்போம். கம்ப்யூட்டரை எப்படிக் கழுவுவது? அதற்கு சுப்புராயன் ஒரு வழி காட்டியிருந்தார். முதலில் திரையில் இருக்கிற குப்பைக்கூடையைக் காலி செய்ய வேண்டும். அதன் பிறகு டீஃப்ராக் என்ற ஒன்றை ஓட்டிவிட வேண்டும். அது டிஸ்க்குக்குள் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒழுங்காக அடுக்கும். திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் இடம் மாறும். "வூடு கூட்டுறாப்பலதான் சார்" என்று அவர் சொன்னது கலியமூர்த்தி சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலிருந்து வருடா வருடம் சந்தனம் வைப்பதற்கு முன் எல்லா மிஷினுக்கும் இந்த உள்சுத்தம் செய்தாக வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவள் நான் என்பதால் எனக்கே அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். எந்தப் படத்தின் மேல் எதை அமுக்க வேண்டும் என்று மனப்பாடம். குளித்துவிட்டு வந்துதான் செய்வேன்.

எப்போதும் பூஜையன்று காலையில் செய்வது. அந்த வருடம் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் இருந்தது. "முந்தின நாளே முடிச்சுடு அமிர்தம்மா" என்றார் சார். செவ்வாய்க்கிழமை மதியம் நாலு மிஷின் முடித்து, பிரிசில்லாவின் மிஷினுக்கு வந்தேன். அவள் இல்லை. பொன்னியோடு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள்.

பொன்னி எங்கள் பக்கத்து ஊர்ப் பெண். முறைக்கு என்னை அத்தை என்பாள். எங்கள் கரையோரத்தில் மீன்காரப் பிள்ளை ஒருத்தி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றால் அது அவள்தான். கூடை தூக்கி மீன் விற்கிற பெண்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கிவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவே போய்விடும். ஐந்து வருட உழைப்பு. முதல் மூன்று அத்தியாயம் பிரிண்டு எடுத்தாகிவிட்டது. அடுத்த மூன்றை அவள் குறிப்பு நோட்டைப் பார்த்து வாயாலேயே சொல்லச் சொல்ல பிரிசில்லா நேராகவே அடித்திருந்தாள்; கையால் எழுதிய பிரதியோ வேறு நகலோ கிடையாது. பூஜை முடிந்ததும் மொத்தமாகப் பிரிண்டு எடுப்பதாக ஏற்பாடு.

நான் குப்பைக்கூடையைக் காலி செய்தேன். நிஜமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். பிறகு டீஃப்ராக்கை ஓடவிட்டேன். கோடுகள் கால் பங்குகூட மாறவில்லை, அதற்குள் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. சார் சொல்லித்தந்தபடி மிஷினை அணைத்தேன்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பிரிசில்லாவும் வந்து உட்காராமலே மிஷினைப் போட்டாள். நான் விளக்கு துடைத்துக்கொண்டிருந்தேன். 

"அக்கா. இதுல யாரு கை வச்சது?"

"நான்தாம்மா. சுத்தம் பண்ணேன். இன்னாம்மா?"

அவள் நாற்காலியை ஒதுக்கினாள். குனிந்து மிஷினின் வயரை யுபிஎஸ்ஸிலிருந்து பிடுங்கினாள்.

"ஏய், ஏய்! கோழி கழுத்தத் திருகுறாப்பல புடுங்கறியே, மிஷினு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கலியமூர்த்தி சார் எழுந்து வந்தார்.

"சார், இனிமே இது உள்ள ஒரு எழுத்துகூடப் புதுசா எழுதக் கூடாது சார். பொன்னியோட மூணு அத்தியாயமும் குப்பைக்கூடைலதான் இருந்துச்சு."

விஷயம் இதுதான். முந்தின வருடம் ஒரு பிள்ளையின் அத்தியாயத்தை, பிரிண்டு எடுக்க வந்த வேறொருவன் அதே மிஷினிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் பேரைப் போட்டுக்கொண்டான். அதிலிருந்து பிரிசில்லாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. சாயங்காலம் கிளம்பும்போது பொன்னியின் ஃபைலைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவாள். காலையில் வந்து திரும்ப எடுப்பாள். அன்றைக்கு மதியம் வெளியே போகும்போதும் அப்படியே செய்திருக்கிறாள். சுத்தம் நாளைக் காலையில்தானே என்று நினைத்திருக்கிறாள்.

"குப்பைல எவன் கை வைப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

 விளக்கைக் கீழே வைத்தேன். "நான் பாவி. கேக்காம தொட்டுட்டேன்" என்றேன்.

"நகையக் குப்பைல போட்டவ நானு. பெருக்குனவங்கள இன்னா சொல்றது? அழுவாதீங்கக்கா, எனக்கு யோசிக்க முடியல." அவள் கடைக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள்.

"சுத்தமா அழிஞ்சு போச்சாம்மா?"

"கண்டக்டர் நோட்டுல பேரை அடிச்சுட்டாங்க, அவ்ளோதான். பேரை அடிச்சா ஆளு எறங்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. வேற ஒருத்தர் வந்து அந்த சீட்டுல உக்கார்ற வரைக்கும் அவுங்க அங்கியேதான் இருப்பாங்க."

"அப்ப நான் ஓடவுட்டது?"

"அதான்க்கா பயம்." நின்றாள். "அது இருக்கறவங்கள எழுப்பி வரிசையா உக்கார வைக்கும். பேரு அடிச்சவங்க இருக்கிற எடம் அதுக்குக் காலின்னுதான் தெரியும். அவுங்க மடியிலயே கொண்டாந்து உக்கார வச்சுடும்."

எவ்வளவு பேர் மடியில் உட்கார்ந்ததோ தெரியாது. மூன்று மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்கே போயிருக்கக் கூடாதா என்று சாமியைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அன்றைக்கு நானும் உட்காரவில்லை.

மறுநாள் பூஜை. ஐந்து மிஷினையும் துணி விரித்த மேஜையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூ சாத்தி, பொரி கடலை படைத்தோம். பூஜையில் வைத்ததை அன்று முழுக்கத் தொடக் கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுத்துத்தான் வேலை தொடங்க வேண்டும். பிரிசில்லா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் என்றாலும் ஒரு வருடம்கூட அதை மீறியதில்லை. பொட்டு வைத்த மிஷினில் அவளே பூவைச் சரிசெய்து வைப்பாள். இந்த வருடம் வாசலில் நின்று அந்த ஒரு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரல் மற்ற விரல்களை எண்ணிக்கொண்டே இருந்தது.

"சார், டிஸ்க்க மட்டும் கழட்டிக்கிறேன் சார். அரை நாள் மிச்சம்."

"நாளைக்கு எடுத்துக்க."

"நாளைக்கு எடுத்தா வெள்ளிக்கெழமைக்குள்ள முடியாது சார்."

"ஏம்மா, வருசத்துல ஒரு நாளு. அதுலயும் கை வைக்கணுமா? பூஜைல வச்சதை எடுத்து ஏதாவது ஆச்சுன்னா?"

பொன்னி மூலையில் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் அவளுக்குச் சொன்னோம். அழவில்லை. "பரவால்ல" என்று இரண்டு முறை சொன்னாள். அவள் அம்மா கூடையோடு பஸ்ஸில் ஏற்றப்படாமல் நின்ற நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் விரதம் தவறாதவள். திருவந்திபுரத்தில் புரட்டாசி சனிக்கிழமை ஒன்றையும் விட்டதில்லை. பூஜையில் வைத்த பொருளைத் தொடுவது எனக்கு நெருப்பைத் தொடுவது மாதிரி. ஆனால் இந்தப் பாவம் என் கையால் வந்தது. எழுந்து மேஜைக்குப் போனேன். சரஸ்வதி படத்தின் முன் விழுந்து கும்பிட்டேன். அந்த மிஷின் மேல் இருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் படத்துக்கே சாத்தினேன். மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பிரிசில்லாவின் காலடியில் வைத்தேன்.

"அமிர்தம்மா!" என்றார் சார்.

"படிப்புக்குத்தான் சார் இந்தப் பூஜையே. அந்தப் பொண்ணு படிப்பு இதுக்குள்ள கெடக்குது. சரஸ்வதி அம்மா கோவிச்சுக்கிட்டா என்னைத்தான் கோவிச்சுக்கணும்."

சார் எழுந்து நின்றார். "கடைலியே பக்தி ஜாஸ்தி உள்ளது நீதான். நீயே எடுத்துட்ட. அப்புறம் நான் இன்னா சொல்ல?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பார்க்காமல் இருப்பதற்காகப் போனார் என்று நினைக்கிறேன்.

பிரிசில்லா டிஸ்க்கைக் கழற்றி, பழைய மிஷின் ஒன்றில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினாள். அதிலிருந்து படிக்க மட்டும் செய்தாள். அதில் எதையும் எழுதவில்லை. ஃபைலின் பேரும், அளவும், முதல் துண்டு இருக்கிற இடமும் மட்டும் கிடைத்தன. மொத்தம் நாற்பத்தோரு கட்டம். மற்ற நாற்பதும் எங்கே என்கிற வரிசை போய்விட்டது. டிஸ்க் ஏற்கெனவே நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதனால் பொன்னியின் மூன்று அத்தியாயமும் எங்கெங்கோ கிடைத்த சந்துகளில் போய் உட்கார்ந்திருந்தன.

கட்டத்தைத் திறந்தால் எனக்குத் தெரிந்தது எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும்தான். பொன்னிக்கும் அப்படித்தான். அந்தக் காலத்து எழுத்துருவில் தமிழ் அடித்தால் திரையில்தான் தமிழ். உள்ளே போய்ச் சேருவது அந்தந்த விசையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து. சுப்புராயனை வரச் சொல்லிக் காட்டினோம். "இது குப்பைம்மா. படிக்க முடியாது" என்றார்.

"எனக்கு முடியும்ண்ணே" என்றாள் பிரிசில்லா.

பதினாலு வருடம் அதே விசைகளில் அடித்த விரல். அவள் மேஜை மேல் விரலைத் தட்டிக்கொண்டே அந்த எறும்புகளை வாய்விட்டுப் படித்தாள்: "...கூடைக்காரப் பெண்கள் தலைச்சுமையோடு முன்வாசல் வழியாக ஏற அனுமதிக்கப்படவில்லை..." பொன்னி துள்ளி எழுந்தாள். "அது நாலாவது! நாலாவதுல ரெண்டாம் பகுதி!"

சுப்புராயன் திரைக்கு முன்னால் வந்து குனிந்தார். "நீ என்னம்மா, பேய் பாஷை படிக்கிற?"

"தள்ளுங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது."

'கூடை' என்ற சொல் உள்ளே எப்படி இருக்கும் என்று அடித்துத் தேடவிட்டாள். கிடைத்த கட்டத்தையெல்லாம் படித்தாள். கட்டம் வாக்கியத்தின் நடுவில் தொடங்கும், நடுவில் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. கட்டத்தின் எண், அது தொடங்குகிற வார்த்தை, முடிகிற வார்த்தை. அவள் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை. எண்ணும் நாலு வார்த்தையும் எழுத அஞ்சாவது படிப்பு போதும். சீட்டுகளைத் தரையில் பரப்பினோம். ஒன்று முடிகிற வார்த்தைக்கு எது தொடங்குகிற வார்த்தை பொருந்துகிறது என்று பொன்னி முட்டிபோட்டு நகர்ந்து நகர்ந்து சேர்ப்பாள். சீட்டு பறக்கும் என்று மின்விசிறியைப் போடவில்லை. மூன்று பேரும் நனைந்துபோனோம்.

ஃப்ளாப்பியில் அவள் பார்த்து வைத்திருந்தது கை கொடுத்தது. ஒரு துண்டு இருந்த இடம் தெரிந்தால், அடுத்ததை அதற்குப் பின்னால் தேடினாள். அதிலும் ஒரு வம்பு. அடித்துத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் பழையது ஓர் இடத்திலேயே கிடக்க, புதியது வேறிடம் போயிருந்தது. ஒரே பக்கம் மூன்று இடத்தில், நாலு இடத்தில் கிடந்தது. திருத்துவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எது கடைசி என்று ஒவ்வொன்றுக்கும் பொன்னி ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும்.

அன்று ஆறு மணிக்கு ஒன்பது துண்டு. வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டோம். மதியத்துக்குள் இருபத்திரண்டு. சார் வந்து கற்பூரம் காட்டி மற்ற நாலு மிஷினையும் எடுத்தார். எங்கள் பக்கம் வராமல் சுவரோரமாகவே நடந்தார், சீட்டை மிதித்துவிடக் கூடாதென்று. நாலு மணிக்குத் தானே போய் டீ வாங்கி வந்து வைத்தார். பிரிசில்லா குடிக்கவில்லை. எழுந்து நடப்பாள், திரும்ப வந்து குனிந்து பார்ப்பாள், "இல்ல, இல்ல, இது பழசு" என்பாள், மறுபடி நடப்பாள். பொன்னி அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் சீட்டையே பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாற்பது வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. ஆறாவது அத்தியாயத்தின் கடைசிக்கு முன் துண்டு. அது இருந்திருக்க வேண்டிய கட்டத்தைத் திறந்தால், யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையின் ஓரத்து வாழைமரம் வந்து உட்கார்ந்திருந்தது. டீஃப்ராக் கொண்டுவந்து வைத்தது. நான் ஓடவிட்டது.

"இது போச்சு" என்றாள் பிரிசில்லா. அந்த மூன்று நாளில் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "பொன்னி, நாலு பக்கம் இருக்கும். சொல்லு. அடிக்கிறேன்."

"அப்படியே ஞாபகம் இல்லக்கா."

"அப்படியே எவ கேட்டா? தெரிஞ்சதைச் சொல்லு."

பொன்னி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். முதலில் திக்கித் திக்கி. பிறகு அடிக்கிற வேகத்துக்கு மேலே போனாள். பிரிண்டு எடுக்க எடுக்க நான் அடுக்கினேன். இரண்டரைக்கு பைண்டிங். பசை காயாமலே ஐந்து பிரதியையும் துணியில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். நாலு நாற்பதுக்கு அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பொன்னி அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். பிரிசில்லா அவள் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

கதை இதோடு முடிந்திருக்கும். பிரிசில்லாவுக்கு முடியவில்லை. அந்த டிஸ்க்கை அவள் திரும்ப உபயோகிக்க விடவில்லை. துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். "இன்னும் எத்தினி நாளைக்கும்மா அதுக்குக் காவல்? காலி பண்ணிக் குடு, வேலைக்கு ஆவும்" என்று சார் மாசத்துக்கு ஒரு தடவை கேட்பார். "இருக்கட்டும் சார்" என்பாள். "நாப்பதும் சரியான நாப்பதுதானான்னு எனக்கு மனசு ஆறல" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஒன்பது கார்த்திகையில் பொன்னிக்கு வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து கேட்கலாம் என்பதால் நாங்களும் போனோம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிரிசில்லா உட்காரவில்லை; கதவோரம் நின்றாள். வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் வயதானவர், நல்ல சிரித்த முகம். நிறையக் கேட்டார். பொன்னி பதில் சொன்னாள். கடைசியில் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நூற்று எண்பத்தேழாம் பக்கத்துல ஒரு வாக்கியம் இருக்கு. வாசிக்கிறேன்" என்றார். வாசித்தார்: "'பஸ் மறுத்த நாட்களில் எந்த வழியாக நடந்தார்கள், இங்கே அமிர்தம் அத்தையிடம் கேட்டு எழுத வேண்டும்.'"

அறை முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"கேட்டீங்களா, கேக்கலியா?" என்றார் பரிசோதகர்.

"கேட்டேன் சார்" என்றாள் பொன்னி.  "கேட்டு எழுதவும் செஞ்சேன். தண்டவாளம் வழியா நடந்தாங்க சார். ரெண்டு பேரு முன்னால, ரெண்டு பேரு பின்னால, நடுவுல வயசானவங்க. எழுதின பக்கம் தொலைஞ்சு, பழைய பக்கம் உள்ள வந்துடுச்சு."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரியான பக்கத்தைக் குடுத்துடுங்க. நூலகப் பிரதியில அதுதான் இருக்கணும்" என்றார் அவர். பிறகு எழுந்து நின்று பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கதவோரம் திரும்பிப் பார்த்தேன். பிரிசில்லா இல்லை.

பொன்னி எல்லாருக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தாள். நான் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். டிஸ்க்கை மாட்டி உட்கார்ந்திருந்தாள். பழைய சீட்டுகள் ஒரு பையில் இருந்தன, அதையும் கொட்டியிருந்தாள்.

"பொன்னி சொன்னதையே அடிச்சுக் குடுத்துடலாமேம்மா. ஒரு பத்திதானே?"

"அது இன்னிக்குச் சொன்னது. எழுதினது இதுல இருக்குது."

"இல்லாமப் போயிருந்தா?"

"இருக்குது. பழசு இந்த எடத்துல இருக்குதுன்னா, திருத்தினது இதுக்குப் பின்னாலதான் போயிருக்கணும். அன்னிக்கு நான் பழசு கெடச்சதும் தேடறத வுட்டுட்டேன்."

மூன்று மணி. மூன்றரை. சாப்பாடு ஆறிப்போனது. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேஜை மேல் அவள் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. மெதுவாகப் படித்தாள்: "'தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில், இளையவர்கள் இருவர் முன்னும் இருவர் பின்னுமாக...'" நிறுத்தினாள். "எட்டுக் கட்டம் தள்ளிக்கா. எட்டே எட்டு. நாப்பது துண்டு தேடிப் புடிச்சவ, எட்டு தாண்டிப் பாக்கல."

பிரிண்டு எடுத்து, பைண்டிங் பிளேடும் பசையும் கையோடு கொண்டுபோனோம். பொன்னி அலுவலக வராந்தாவில் காத்திருந்தாள். பழைய பக்கத்தை அடியோடு அறுத்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவதற்கு நான்தான் கை கொடுத்தேன். பைண்டிங் பழகிய கை. குமாஸ்தா கதவைப் பூட்டுவதற்காகச் சாவியோடு நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?"

"ஒரு நிமிசம் சார்" என்றாள் பிரிசில்லா. நின்றபடியே நூற்று எண்பத்தாறின் கடைசி வரியைப் படித்தாள். எண்பத்தேழின் முதல் வரியைப் படித்தாள். அதன் கடைசி வரியையும், எண்பத்தெட்டின் முதல் வரியையும் படித்தாள். சேர்ந்திருந்தது. பொன்னி புத்தகத்தை வாங்கக் கை நீட்டினாள்.

பிரிசில்லா எண்பத்தொன்பதைத் திருப்பினாள்.